கவுன்சிலுக்கு வெளியே சமூகப் பணியாளர்கள்: இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவள் நான். முதியோர், உடல் ஊனமுற்றோர், மனநலம் குன்றியோர் ஆகியோருக்கான சமூகப் பணியில் இருக்கிறேன். முதலில் ஒரு கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், வேலை பார்த்தேன். பிறகு சமூகப் பணியாளர்களே சேர்ந்து நடத்தும் ஒரு சிறு நிறுவனத்துக்கு மாறினேன். கோயில் அன்னதான வரிசையிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் சொல்வதையும் என் கருத்தையும் முடிந்தவரை பிரித்துக் காட்டியிருக்கிறேன்.

"அம்மாவுக்கு உதவி கேட்டுக் கவுன்சிலுக்குத்தான் போன் செய்தோம். கடிதம் வேறு ஏதோ நிறுவனத்தின் பெயரில் வந்திருக்கிறது. நம்பலாமா?"

பெரும்பாலும் நம்பலாம். ஆனாலும் ஒருமுறை கவுன்சிலின் பொது எண்ணுக்கு அழைத்து, "இந்த நிறுவனம் உங்கள் சார்பில்தான் வேலை செய்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

18 வயது நிறைந்த ஒருவருக்குப் பராமரிப்பு தேவையா, எவ்வளவு தேவை என்று பார்த்து முடிவு செய்யும் கடமை இங்கிலாந்தில் உள்ளாட்சியுடையது. அப்படிப் பார்ப்பதைத்தான் மதிப்பீடு என்கிறோம். பெரும்பாலான ஊர்களில் கவுன்சிலின் சொந்த ஊழியர்களே அந்த வேலையைச் செய்கிறார்கள். சில ஊர்களில் அந்த வேலை முழுவதையுமோ ஒரு பகுதியையோ, சமூகப் பணியாளர்கள் தலைமையேற்று நடத்தும் தனி நிறுவனம் ஒப்பந்தத்தின் பேரில் செய்கிறது. கவுன்சில் அதற்குப் பணம் தருகிறது. வாசலில் வந்து நிற்பவரின் கழுத்து அட்டையில் வேறு பெயர் இருக்கும். அவருக்கு இருக்கும் அதிகாரமும் உங்களுக்கு இருக்கும் உரிமையும் மாறுவதில்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

குடும்ப மருத்துவரிடமிருந்து என்று சொல்லலாம். இங்குள்ள ஜி.பி. மருத்துவர்கள் பலர், என்.எச்.எஸ். என்ற அரசு சுகாதார சேவை நேரடியாகச் சம்பளம் தரும் ஊழியர்கள் அல்லர். சில மருத்துவர்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து ஒரு கிளினிக்கை நடத்துவார்கள். என்.எச்.எஸ். அவர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். சமூகப் பணியாளர்கள் மட்டும் ஏன் பெரிய அலுவலகத்தின் அடுக்குகளுக்குள் கிடக்க வேண்டும், அவர்களும் சிறு குழுவாகச் சேர்ந்து தங்கள் வேலையைத் தாங்களே நடத்தக் கூடாதா என்ற கேள்வி எழுந்தது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பேராசிரியர் ஜூலியன் லெ கிராண்ட் தலைமையிலான குழு 2007இல் இதை ஓர் அறிக்கையாக அரசிடம் கொடுத்தது. அது அரசின் பராமரிப்பில் வளரும் குழந்தைகளைப் பற்றியது. சமூகப் பணியாளர் அடிக்கடி மாறுவதால் அந்தக் குழந்தைகள் யாரையும் நம்ப முடியாமல் போகிறார்கள் என்ற கவலை அதன் அடியில் இருந்தது. 2008இல் வந்த சட்டம் குழந்தைகளுக்கான முன்னோட்டங்களுக்கு, அதாவது சோதனை முயற்சிகளுக்கு, வழிவிட்டது.

பெரியவர்களுக்கான பிரிவில் இது 2010 இறுதியில்தான் பேச்சுக்கு வந்தது. அப்போதைய பராமரிப்புத் துறை அமைச்சர் பால் பர்ஸ்டோ முன்னோட்டத் திட்டத்தை அறிவித்தார். பர்மிங்ஹாம், லாம்பெத், நார்த் ஈஸ்ட் லிங்கன்ஷயர், ஷ்ராப்ஷயர், ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட், சஃபோக், சரே என்று ஏழு இடங்கள் தேர்வாயின. உள்ளாட்சி தன் சட்டக் கடமையை வெளியே கொடுக்க அனுமதிக்கும் தனி ஆணையும் 2011இல் வந்தது.

அந்த ஏழு இடங்களில் என்ன நடந்தது?

ஏழும் ஏழு விதமாகப் போயின. சஃபோக்கில் பார்வைக் குறையும் கேட்கும் திறனில் குறையும் உள்ளவர்களுக்கான குழு தனியாக வெளியே வந்தது. ஷ்ராப்ஷயரில் 'பீப்பிள் டு பீப்பிள்' என்ற நிறுவனம் உருவானது. அவர்கள் செய்த ஒரு மாற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லாரையும் வரிசையில் காக்கவைத்து வீடு வீடாகப் போவதற்கு முன்னால், அந்தந்த ஊரிலேயே ஒரு பொது இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மக்களை வரச்சொல்லிப் பேசினார்கள். பலருக்குத் தேவைப்பட்டது ஒரு கைப்பிடியோ, பக்கத்துத் தெருவில் நடக்கும் மதிய உணவுக் குழுவின் முகவரியோதான். அது அன்றைக்கே கிடைத்துவிடும்.

நார்த் ஈஸ்ட் லிங்கன்ஷயர்தான் துணிந்து இறங்கியது. அங்கே கிரிம்ஸ்பியைச் சுற்றியுள்ள பகுதி முழுவதற்குமான பெரியோர் சமூகப் பணியே 2013இல் 'ஃபோகஸ்' என்ற சமூகநல நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த வட்டாரத்தில் 2007 முதலே பெரியோர் பராமரிப்பும் சுகாதார சேவையும் ஒரே அமைப்பின் கீழ் இருந்தன. அதனால் கவுன்சில் கட்டடத்துக்கு வெளியே வேலை பார்ப்பது அவர்களுக்குப் புதிதாக இருக்கவில்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வுக் குழு இந்த முன்னோட்டங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தது. ஓரிடத்தில் ஒரு சிறு குழு, இன்னோரிடத்தில் ஒரு வட்டாரம் முழுவதும் என்றிருக்கும்போது, "இந்த முறை வென்றது", "தோற்றது" என்று ஒரே வரியில் சொல்ல இடமில்லை. அப்படி ஒரு வரியை யாராவது உங்களிடம் சொன்னால், எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறார் என்று கேளுங்கள்.

இது தனியார்மயம்தானே? லாபத்துக்காகத்தானே நடத்துவார்கள்?

இந்தப் பயம் நியாயமானது. தொழிற்சங்கங்களும் இதே கேள்வியைக் கேட்டன. எந்த வகை நிறுவனம் என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முன்னோட்டத்தில் உருவானவற்றில் 'கம்யூனிட்டி இன்ட்ரஸ்ட் கம்பெனி' என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் சமூகநல நிறுவனம் என்று சொல்லலாம். 2005 முதல் நடைமுறையில் இருக்கும் வகை இது. இதன் சொத்துக்குச் சட்டம் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. மூடிவிட்டுப் போனாலும் சொத்தை உரிமையாளர்கள் பங்குபோட்டுக்கொள்ள முடியாது, சமூக நலனுக்குத்தான் போக வேண்டும். பங்குகள் இருந்தாலும் பகிரத்தக்க லாபத்தில் 35 சதவீதத்துக்கு மேல் வெளியாருக்கு ஈவுத்தொகையாகக் கொடுக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் சமூகத்துக்கு என்ன செய்தோம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும்.

சாதாரண லிமிடெட் கம்பெனியாக நடத்துபவர்களும் உண்டு. அங்கே இந்தப் பூட்டு இல்லை. நிறுவனத்தின் பெயரைக் கம்பெனீஸ் ஹவுஸ் என்ற நிறுவனப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். எந்த வகை, யார் இயக்குநர்கள், கணக்கு என்ன என்பதெல்லாம் காசில்லாமல் தெரியும். ஐந்து நிமிட வேலை.

கவுன்சில் முழுப் பொறுப்பையும் தள்ளிவிட்டுப் போய்விடுமா?

முடியாது. இதை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள், மற்றவை மறந்தாலும் பரவாயில்லை.

இப்போது நடைமுறையில் இருப்பது 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், அதாவது கேர் ஆக்ட். 2015 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன் 79ஆம் பிரிவு, கவுன்சில் தன் கடமைகளைச் செய்ய வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம் என்கிறது. அதே பிரிவு, அந்த வேறொருவர் செய்வதும் செய்யத் தவறுவதும் கவுன்சில் செய்ததாகவும் தவறியதாகவுமே கொள்ளப்படும் என்கிறது. உங்கள் அம்மாவின் மதிப்பீட்டில் பிழை நேர்ந்தால், "அது அந்த நிறுவனம் செய்தது" என்று கவுன்சில் கை கழுவ முடியாது.

சில கடமைகளை வெளியே கொடுக்கவே கூடாது. சுகாதாரத் துறையோடு இணைந்து செயல்படும் கடமை, மற்ற அமைப்புகளோடு ஒத்துழைக்கும் கடமை, பராமரிப்புக்குக் கட்டணம் விதிக்கும் அதிகாரம், துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகும் பெரியவர்களைப் பாதுகாக்கும் கடமை ஆகியவை கவுன்சிலிடமே இருக்கும். பாதுகாப்பு விசாரணையை வேறொருவரைக் கொண்டு நடத்தச் சொல்லலாம், ஆனால் கடமை கவுன்சிலுடையது.

நடைமுறையில் இந்த இடத்தில்தான் தையல் விட்டுப்போகும். ஒரு வீட்டுக்கு மூன்று மாதமாகப் போய்வருகிறேன். ஒருநாள் அங்கே பாட்டியின் மணிக்கட்டில் கன்றிப்போன தடம் தெரிகிறது. எனக்கு அந்தக் குடும்பம் தெரியும், பாட்டிக்கு என்னைத் தெரியும். ஆனால் விசாரிக்க வேண்டுமா என்று முடிவெடுப்பது கவுன்சிலில் இருக்கும் இன்னொரு குழு. கணினியும் வேறு. நான் எழுதி அனுப்பியது அவர்கள் திரையில் வந்துவிட்டதா என்று நானே போன் செய்து கேட்ட நாட்கள் உண்டு. சட்டம் அப்படி வைத்திருப்பது சரியென்றே நினைக்கிறேன். இப்படிப்பட்ட அதிகாரம் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அமைப்பிடம்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தையலை யாராவது தினமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வருபவர் என்ன பார்ப்பார்? நாங்கள் எப்படித் தயாராக வேண்டும்?

வீட்டைப் பளபளவென்று துடைத்து வைக்காதீர்கள். முறுக்கும் மிக்சரும் வாங்கி வைக்காதீர்கள். எப்போதும் இருப்பதுபோல் இருங்கள்.

சட்டப்படி அவர் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார். தேவை உடல் அல்லது மனக் குறைபாட்டாலோ நோயாலோ வந்ததா? அதனால் பத்து அன்றாட விஷயங்களில் குறைந்தது இரண்டைச் செய்ய முடியாமல் இருக்கிறதா? அது அவருடைய நலவாழ்வைக் கணிசமாகப் பாதிக்கிறதா? அந்தப் பத்தில் சாப்பிடுவதும் சமைப்பதும், உடல் சுத்தம், கழிப்பறை, உடுத்துவது, வீட்டுக்குள் பாதுகாப்பாக நடமாடுவது, வீட்டை வாழத்தக்கதாக வைத்திருப்பது, உறவுகளைப் பேணுவது, வெளியே போய்வருவது எல்லாம் அடங்கும்.

நம் குடும்பங்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. "முடியவில்லை" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அகலமான பொருள். உதவியில்லாமல் செய்ய முடியாமலிருப்பது மட்டும் அல்ல. செய்தாலும் கடும் வலியோடோ பதற்றத்தோடோ செய்தால், ஆபத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு செய்தால், வழக்கத்தைவிட மிக அதிக நேரம் எடுத்துக்கொண்டால், அதுவும் "முடியவில்லை" என்ற கணக்கில்தான் வரும்.

ஒரு வீட்டில் எண்பது தாண்டிய ஓர் அம்மா. கணவர் போய்ப் பல ஆண்டுகள். "எல்லாம் நானேதான் செய்துக்கிறேன், எனக்கு யாரும் வேணாம்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகனும் "அம்மா ரொம்ப ஸ்ட்ராங் மேடம்" என்றார். நான் கேள்வித்தாளை மூடி வைத்தேன். "அம்மா, வெளியே ஒரே குளிர். உங்க கையால ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டேன். முகம் மலர்ந்து எழுந்தார்.

சமையலறைக்குப் பின்னாலேயே போனேன். கெட்டில் அதன் தட்டிலேயே இருந்தது, அவர் அதைத் தூக்கவே இல்லை. எவர்சில்வர் டம்ளரில் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து, இடது கையால் மேடை விளிம்பைப் பற்றிக்கொண்டு நடந்து, கெட்டிலுக்குள் ஊற்றினார். மறுபடி குழாய்க்குப் போனார். நான்கு நடை. சர்க்கரை டப்பாவில் மூடி இல்லை, ஒரு சின்னத் தட்டு கவிழ்த்திருந்தது. மூடியைத் திருக விரல்கள் ஒத்துழைக்கவில்லை என்று யாரிடமும் சொல்லாமல் அவரே கண்டுபிடித்த வழி அது. கொதித்த தண்ணீரைச் சாய்க்க முடியாமல் கரண்டியால் மொண்டு கோப்பையில் விட்டார். ஒரு டீக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. மகன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த டீயை நான் முழுவதும் குடித்தேன். நல்ல டீ. மதிப்பீட்டில் நான் எழுதியதும் அந்த நான்கு நடையைத்தான்.

முன்பு வேலை பார்த்த கவுன்சிலில் எனக்கு இந்த நேரம் கிடைக்கவில்லை. நாளொன்றுக்கு இத்தனை மதிப்பீடு என்று எண்ணிக்கை இருந்தது, பாதி போனிலேயே முடியும். போனில் அந்த அம்மா "எல்லாம் நானே" என்றுதான் சொல்லியிருப்பார். நானும் அதையே எழுதிக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தியிருப்பேன். நிறுவனம் மாறியதால் நான் திறமைசாலி ஆகிவிடவில்லை. அந்த இருபது நிமிடத்தை யாரும் கணக்குக் கேட்காத இடத்துக்கு வந்திருந்தேன், அவ்வளவுதான்.

மருமகள்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். அதனால் உதவி கிடைக்காது என்கிறார்களே?

தவறு. தேவை இருக்கிறதா என்று பார்க்கும்போது, குடும்பத்தார் செய்யும் உதவியைக் கணக்கில் எடுக்காமல்தான் பார்க்க வேண்டும். மருமகள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதே கேள்வி. அதன் பிறகு, எதை அவர் தொடர்ந்து செய்ய விரும்புகிறார், அவரால் முடிகிறதா என்று அவரிடமே கேட்டு மீதியைத் திட்டமிட வேண்டும். பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும் தனியாக ஒரு மதிப்பீடு கேட்டுப் பெறும் உரிமை உண்டு. மாமியாருக்கு உதவி கிடைக்காமல் போனாலும் மருமகளுக்கு அந்த உரிமை போகாது. இதைக் கேட்கத் தயங்கும் பெண்கள்தான் நம் வீடுகளில் அதிகம். கேளுங்கம்மா.

நானே மொழிபெயர்க்கலாமா?

சின்ன விஷயங்களுக்குச் செய்யலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அது இலவசம். மகன் முன்னால் எந்த அம்மாவும் கழிப்பறைச் சங்கடத்தைச் சொல்லமாட்டார். "கொஞ்சம் முடியலை" என்று அம்மா சொன்னால் மகன் அதை "ஃபைன்" என்று மொழிபெயர்ப்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். வரும் மொழிபெயர்ப்பாளர் இலங்கைத் தமிழரா இந்தியத் தமிழரா என்பதையும் முன்கூட்டிச் சொல்லிக் கேட்கலாம். வயதானவர்களுக்கு அந்தப் பேச்சுவழக்கு வேறுபாடு பெரிய விஷயம்.

தன் கருத்தைச் சொல்லவோ புரிந்துகொள்ளவோ மிகுந்த சிரமம் உள்ளவருக்கு, துணைநிற்கத் தகுந்த குடும்பத்தாரோ நண்பரோ இல்லையென்றால், அவருக்காகப் பேச ஒரு சுயேச்சையான துணையாளரை (அட்வகேட் என்பார்கள், வக்கீல் அல்ல) ஏற்பாடு செய்து தருவதும் கவுன்சிலின் கடமை.

எவ்வளவு பணம் என்று முடிவு செய்வது அந்த நிறுவனமா, கவுன்சிலா?

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆனால் பணப்பை கவுன்சிலுடையது.

கவுன்சிலில் நான் இருந்தபோது, பார்த்துவிட்டு வந்து நீண்ட படிவம் நிரப்புவேன். அது ஒரு குழுவின் முன் போகும். அந்தக் குழுவில் இருந்த யாரும் அந்த வீட்டுப் படியை மிதித்தவர்கள் அல்லர். "வாரம் 14 மணி நேரம் ஏன்? 10 போதாதா?" என்று படிவம் திரும்பி வரும். நான் மறுபடி எழுதுவேன். அதற்குள் அந்த மனிதர் விழுந்து மருத்துவமனைக்குப் போயிருப்பார்.

சமூகப் பணியாளர் தலைமையில் நடக்கும் இடங்களுக்கு ஒரு தொகை வரை அவர்களே கையெழுத்திட அதிகாரம் கொடுத்தால், அதுதான் உண்மையான மாற்றம். வீட்டைப் பார்த்தவரும் கையெழுத்திடுபவரும் ஒரே அறையில் இருப்பார்கள். அந்த அதிகாரம் கொடுக்காமல், பெயர்ப் பலகையை மட்டும் மாற்றி, பழைய குழுவுக்கே படிவம் போய்க்கொண்டிருந்தால், அதைச் சுயேச்சை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஊரில் எப்படி என்று தெரிந்துகொள்ள, வருபவரிடம் நேராகவே கேளுங்கள்: "இதை நீங்களே முடிவு செய்வீர்களா, யாரிடமாவது அனுப்புவீர்களா?"

உங்கள் பங்கு எவ்வளவு என்பது வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துக் கணக்கிடப்படும். சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் பொதுவாக முழுச் செலவும் உங்களுடையது. 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடமாட்டார்கள், வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். மதிப்பீடு எல்லாருக்கும் இலவசம், வசதியுள்ளவர்களுக்கும்தான்.

இந்தச் சமூகப் பணியாளர்களையும் நிறுவனங்களையும் யார் மேற்பார்வை செய்கிறார்கள்?

தனி ஆளாக ஒவ்வொரு சமூகப் பணியாளரும் 'சோஷியல் வொர்க் இங்கிலாந்து' என்ற அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். 2019 டிசம்பரில் பொறுப்பேற்ற ஒழுங்குமுறை அமைப்பு அது. 'சோஷியல் வொர்க்கர்' என்ற பட்டமே 2005 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது, பதிவில்லாதவர் அப்படிச் சொல்லிக்கொள்வது குற்றம். பெயரை இணையத்தில் தேடிச் சரிபார்க்கலாம். வருபவர்கள் எல்லாரும் சமூகப் பணியாளராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளராகவோ தொழில்வழிச் சிகிச்சையாளராகவோ இருக்கலாம். "நீங்கள் யார்?" என்று கேட்பதில் தப்பில்லை.

குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது போன்ற நேரடிப் பராமரிப்பு தரும் நிறுவனங்கள், பராமரிப்பின் தரத்தை ஆய்வு செய்யும் கேர் குவாலிட்டி கமிஷனில் பதிவாக வேண்டும். மதிப்பீடும் திட்டமிடலும் மட்டும் செய்யும் நிறுவனத்துக்கு அந்தப் பதிவு தேவையில்லை. இது ஓர் ஓட்டை என்று நான் முன்பு நினைத்ததுண்டு. 2023 ஏப்ரல் முதல் கவுன்சில்கள் கேர் ஆக்ட் கடமைகளை எப்படிச் செய்கின்றன என்று கமிஷன் ஆய்வு செய்கிறது. வெளியே கொடுத்த வேலையும் கவுன்சிலின் கடமைதான் என்பதால் அதுவும் அந்த வெளிச்சத்துக்குள் வருகிறது.

புகார் யாரிடம்?

முதலில் நிறுவனத்திடம் அல்லது கவுன்சிலிடம். பதிலில் திருப்தி இல்லையென்றால் உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஓம்புட்ஸ்மனிடம் (சுயேச்சையான குறைகேட்பு அதிகாரி) போகலாம், கட்டணம் கிடையாது. விஷயம் தெரிந்த 12 மாதத்துக்குள் போய்விடுங்கள். எழுத்தில் கொடுங்கள், தேதி போடுங்கள்.

"டோல்ஸ்" மதிப்பீட்டுக்கு என்று கேர் ஹோமுக்கு ஒருவர் வந்தார். அவரும் இதே மாதிரியா?

அது வேறு வகை, ஆனால் பக்கத்து உறவு. முடிவெடுக்கும் திறன் இழந்த ஒருவரைக் கேர் ஹோமிலோ மருத்துவமனையிலோ வெளியே விடாமல் வைத்திருந்தால், அது அவருடைய சுதந்திரத்தைப் பறிப்பது. அதற்குச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதைத்தான் டோல்ஸ் என்கிறார்கள். 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2014 மார்ச்சில் செஷயர் வெஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: ஒருவர் தொடர்ந்த கண்காணிப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருந்து, அங்கிருந்து போக அவருக்குச் சுதந்திரமும் இல்லையென்றால், அவர் மறுப்புச் சொல்லாமல் இருந்தாலும் அது சுதந்திரப் பறிப்புதான். அதற்கு அடுத்த ஆண்டில் விண்ணப்பங்கள் சுமார் பத்து மடங்காகி 1,37,000ஐத் தாண்டின. 2023–24இல் 3,32,000க்கும் மேல்.

கவுன்சில்களிடம் அவ்வளவு ஆட்கள் இல்லை. அதனால் அந்த மதிப்பீட்டுக்குத் தகுதி பெற்ற சமூகப் பணியாளர்கள் பலர் சுயேச்சையாகவோ, தாங்களே தொடங்கிய சிறு நிறுவனங்கள் வழியாகவோ இந்த வேலையைச் செய்கிறார்கள். ஒரு மதிப்பீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான். வந்து, பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அவர்களுக்கும் அந்த மனிதருக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. மதிப்பீடு செய்தவர் தன் அறிக்கையில் "இவரை வாரம் ஒருமுறை கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும்" என்று நிபந்தனை எழுதியிருந்தால், அது நடக்கிறதா என்று நீங்கள்தான் விடாமல் கேட்க வேண்டும்.

கவுன்சிலுக்கு வெளியே உள்ள இந்த நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் நிலை என்ன?

சேவை கைமாறும்போது ஊழியர்களும் பழைய சம்பளம், பழைய நிபந்தனைகளோடு சேர்ந்து மாறுவார்கள், 2006ஆம் ஆண்டு விதிகள் அப்படி. ஓய்வூதியம் தனிப் பேச்சு. உள்ளாட்சி ஓய்வூதியத் திட்டத்தில் நிறுவனமும் சேர்த்துக்கொள்ளப்பட்டால் தொடரும். புதிதாகச் சேர்பவர்களுக்கு அது இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள். இன்னொன்று, கவுன்சில் கொடுக்கும் வாட் வரி அதற்குத் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு உண்டு. வெளியே வந்த நிறுவனத்துக்கு அது தானாக வருவதில்லை. வாடகை, கணினி, வக்கீல் செலவு எல்லாம் சிறு நிறுவனத்தின் தலையில். நல்ல எண்ணத்தோடு தொடங்கியவர்கள் மூச்சுத் திணறுவது இங்கேதான்.

இந்தியாவிலோ இலங்கையிலோ படித்தவர்கள் சேர முடியுமா?

முடியும். சோஷியல் வொர்க் இங்கிலாந்தில் வெளிநாட்டுப் பட்டதாரியாக விண்ணப்பிக்க வேண்டும். பாடத்திட்டம், களப்பணி விவரம், ஆங்கிலத் தகுதி கேட்பார்கள். கல்லூரியிலிருந்து களப்பணி மணிநேரத்துக்கு முத்திரையோடு கடிதம் வாங்க நேரமாகும், முதலில் அதைத் தொடங்குங்கள். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952 முதல் நடக்கிறது. நம் ஊரில் இந்தப் படிப்புக்கு நீண்ட வேர் இருக்கிறது, தாழ்வாக நினைக்க வேண்டாம். ஆனால் சட்டம் முழுவதும் வேறு. முதல் இரண்டு ஆண்டுகள் கவுன்சிலில் இருந்து கற்றுக்கொண்டு பிறகு சிறு நிறுவனத்துக்கு வருவதே நல்லது என்பேன்.

ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இதே விதியா?

இல்லை. அங்கே சட்டங்கள் தனி. இங்கே எழுதியது இங்கிலாந்துக்கு மட்டும்.

கவுன்சிலைவிட இது மேலா, சொல்லுங்கள்.

எனக்கு மேலாக இருந்தது. உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று உறுதி தரமாட்டேன். அருமையாக நடக்கும் கவுன்சில் குழுக்களை எனக்குத் தெரியும். ஒரு குழு சிறியதாக இருந்து, அதன் தலைவரும் இன்னும் வீடுகளுக்குப் போய்வருபவராக இருந்து, முடிவெடுக்கும் அதிகாரமும் கையில் இருந்தால், கவுன்சிலுக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் மக்களுக்கு நல்லது நடக்கிறது. கவுன்சிலுக்கு உள்ளே இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது அரிது. அதனால்தான் வெளியே வந்தேன்.

ஒரே ஒரு விஷயம் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒப்பந்தங்கள் சில ஆண்டுகளுக்குத்தான். சமூகப் பணியாளர் மாறிக்கொண்டே இருக்கக் கூடாது என்றுதான் இந்த யோசனையே பிறந்தது. ஒப்பந்தம் முடியும் ஆண்டில் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் வேறு வேலை தேடுவார்கள், வீட்டுக் கடன் இருக்கிறதே.

அப்படி ஒப்பந்தம் முடிந்துபோனால் எங்கள் அம்மாவின் கதி?

உதவி நிற்காது, நிற்கவும் கூடாது. கடமை கவுன்சிலுடையது என்பதால் சேவை கவுன்சிலுக்கே திரும்பும் அல்லது இன்னொரு நிறுவனத்துக்குப் போகும். கோப்பும் கூடவே போகும்.

ஆனால் கோப்பில் எல்லாம் இருக்காது. அதனால் இப்போதே மூன்று காரியம் செய்து வையுங்கள். மதிப்பீட்டின் பிரதியையும் பராமரிப்புத் திட்டத்தின் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அம்மாவுக்கும், அவர் சொன்னால் உங்களுக்கும் தர வேண்டியது அவர்கள் கடமை. கவுன்சிலில் இந்த ஒப்பந்தத்தைக் கவனிக்கும் பிரிவின் பெயரையும் எண்ணையும் குறித்து வையுங்கள். மூன்றாவதாக, ஒரு தாளில் அம்மாவைப் பற்றி நீங்களே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அசைவம் தொடமாட்டார், ஆண் கேரர் (பராமரிப்பாளர்) வந்தால் குளிக்க மறுப்பார், இடது காது கேட்காது, "பரவாயில்லை" என்று சொன்னால் வலிக்கிறது என்று பொருள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுங்கள். புதிதாக வரும் சமூகப் பணியாளரிடம் டீ கொடுப்பதற்கு முன் அதைக் கொடுங்கள்.